ஹார்லனிடம் இருந்த சாவி

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. கௌரவமான வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை. என் மனைவி லோர்னாவின் முதல் கணவன் ஹார்லன், எங்கள் வீட்டுப் பழைய பிக்கப் வண்டியை நினைத்தபோதெல்லாம் எடுத்துக்கொண்டு போகிறான். லோர்னாவின் அப்பா விட்டுப்போன வண்டி அது. நான் வருவதற்கு முன் பல வருடம் ஹார்லன்தான் ஓட்டினான். வண்டி போனால் போகட்டும். ஒருநாள் இவளும் கூடவே ஏறிப் போய்விடுவாளோ என்பதுதான் என் பயம்.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: "வழுக்கைத் தலையும் கோணல் நடையுமாக ஹார்லன் என்றொருவன்..."

[லோர்னா ஓரத்தில் எழுதியது: "அவனுக்கு எங்க வழுக்கை? உன்னவிட முடி ஜாஸ்தி." அந்த வரியை அடித்துவிட்டேன். அவன் முடி அவளுக்கு இவ்வளவு ஞாபகம் இருப்பதையும் கவனித்துக்கொண்டேன்.]

2

நெப்ராஸ்காவில் எங்கள் மணல்மேட்டுப் பக்கம் வண்டிச் சாவி வண்டியிலேயே தொங்கும். தேவைப்பட்டவன் எடுத்துப்போவான், திரும்பும்போது டாங்கை நிரப்பி விடுவான். அதுதான் நன்றி. வாயைத் திறந்து யாரும் சொல்வதில்லை.

நான் சாவியை உருவி வீட்டுக்குள் கொண்டுபோகத் தொடங்கினேன். ஊரே சிரித்தது. "என்ன கெல்வின், வண்டிக்குள்ள தங்கம் கிங்கம் வெச்சிருக்கியா?"

அப்படியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் காணோம். ஹார்லனிடம் அந்தக் காலத்துச் சாவி ஒன்று இருந்திருக்கிறது. சாயங்காலம் டாங்க் நிரம்பி, முன்கண்ணாடி துடைக்கப்பட்டு வண்டி வந்து நின்றது. கண்ணாடியைத் துடைத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"இக்னிஷன் சுவிட்ச் தேஞ்சு போச்சு, மாத்திரணும்" என்றேன் லோர்னாவிடம். பொய்யில்லை; நாலு தரம் திருகினால்தான் கிளம்பும்.

"சுவிட்சுக்குத்தான் கோளாறா?" என்றாள்.

3

வெர்னனின் உதிரிபாகக் கடையில் புது சுவிட்ச், புதுப் பூட்டு, ஒரு ஜோடி சாவி வாங்கினேன். திரும்பும் வழியில் பாலத்தில் காரை நிறுத்தி, என்னிடமிருந்த பழைய சாவியை ஆற்றில் வீசினேன். (இங்கே சூரியன், கொக்கு என்று ஒரு பத்தி இருந்தது. படிக்க எனக்கே கூச்சமாக இருந்ததால் எடுத்துவிட்டேன்.) மனது குளிர்ந்தது.

வீட்டில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்தேன். பழைய பூட்டு அசையவில்லை. வெர்னனுக்குப் போன் போட்டேன்.

"பழைய சாவியப் போட்டு இடது பக்கமா ஒரு தரம் திருப்பு. பூட்டு மூஞ்சில குட்டியா ஓட்டை இருக்கும். அதுல கம்பிய விட்டு அமுக்குனா, பூட்டு கையோட வந்துரும்."

"பழைய சாவி இல்லன்னா?"

"டிரில் போட்டு உடைக்கணும். ஏன், சாவி என்னாச்சு?"

நான் போனை வைத்துவிட்டேன்.

"எங்கப்பா வண்டில டிரில் வெச்சே, நடக்கிறதே வேற" என்றாள் லோர்னா. சொல்லிவிட்டு அவளே போனை எடுத்தாள். "ஹார்லன், கொஞ்சம் வந்துட்டுப் போறியா? ஆமா, அந்தச் சாவியோட."

4

இந்தக் காட்சியை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் நக்கலடிக்கிறான், நான் ஓங்கி ஒரு குத்து... இன்னொன்றில் அவன் அழுகிறான். எனக்குப் பிடித்தது அதுதான்.

நடந்தது வேறு. வந்தான்; தொப்பியைக் கழற்றினான் (முடி இருந்தது). சாவியைப் போட்டுத் திருப்பினான். நான் கம்பியை அமுக்கினேன். அவன் இழுக்க, பூட்டு சாவியோடு சேர்ந்து அவன் கைக்கு வந்தது. பூட்டைப் பார்த்தான், பக்கத்தில் காத்திருந்த புதுப் பூட்டைப் பார்த்தான், என்னையும் பார்த்தான்.

"கேட்டிருந்தா சாவியக் குடுத்திருப்பேனேப்பா" என்றான்.

இந்த வசனத்தைப் பிடுங்கி எனக்கு வைத்துக்கொள்ள எவ்வளவோ முயன்றேன். என் வாயில் பொருந்தவில்லை. எழுதுகிறவன் நான், நல்ல வசனம் அவனுக்கு! கதைக்குள்ளும் அவன்தான் ஜெயிக்கிறான்.

அவன் போனபின் புது சுவிட்சையும் பூட்டையும் மாட்டினேன். முதல் திருகிலேயே வண்டி கிளம்பியது. ஒரு சாவியை நான் எடுத்துக்கொண்டேன். மற்றதை லோர்னா ஜீன்ஸ் பையில் போட்டுக்கொண்டாள்.

5

முடிவு ஒன்று: லோர்னா தன் சாவியை ரகசியமாக ஹார்லனிடம்...

முடிவு இரண்டு: லோர்னா என் தோளில் சாய்ந்து...

இரண்டையும் படித்துவிட்டுத் தாளை மேசையில் போட்டாள்.

"உன் சாவி எங்க இருக்குன்னு எழுதட்டும்?" என்று கேட்டேன்.

"வண்டியில தொங்குதுன்னு எழுது. இந்த ஊர்ல சாவி வேற எங்க இருக்கும்?"

"அவன் எடுத்துட்டுப் போனா?"

"போவான், வருவான். நான் இங்கதானே இருக்கேன், மண்டு."

வெளியே போய்ப் பார்த்தேன். சாவி தொங்கியது. திருப்பினேன், நேற்று காலியைத் தொட்டுக்கொண்டிருந்த பெட்ரோல் முள் ஏறி நிறைவில் நின்றது. முன்கண்ணாடி பளிச்சென்று துடைக்கப்பட்டிருந்தது.

இதை வண்டிக்குள் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். ஒரு கையில் பேனா, இன்னொரு கை சாவிமேல். உருவிக்கொண்டு உள்ளே போவதா, விட்டுவிட்டு இறங்குவதா? லோர்னா ஜன்னலில் நின்று பார்க்கிறாள். எனக்கு எழுத வரவில்லை. உங்கள் கையாக இருந்தால் என்ன செய்யுமோ, அதைக் கீழே நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.