பல் டாக்டருக்கு ஒரு டிரில்

ஊரார் வாயிலெல்லாம் மயிரிழை பிசகாமல் துளை போடுகிற பல் டாக்டருக்கு, சொந்த வீட்டுச் சுவரில் கைவைக்க அனுமதி கிடையாது. கல்யாணமான புதிதில் கடிகாரம் மாட்டுகிறேன் பேர்வழி என்று இரவல் டிரில்லோடு கிளம்பி, சுவருக்குள் ஓடிய தண்ணீர்க் குழாயைப் பதம் பார்த்துவிட்டார். கூடம் குளமானது. அன்றிலிருந்து, ஒரு கொக்கி மாட்ட வேண்டுமென்றாலும் அவர் மனைவி, "அண்ணனக் கூப்பிடவா?" என்பாள். கேட்கும்போதே போன் காதில் இருக்கும்.

அண்ணன் லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். டிரில் பெட்டியோடு காலையில் வந்தால் சாயங்காலம்தான் நகருவார். ஏணியைப் பிடிப்பதும் திட்டு வாங்குவதும் டாக்டரின் பொறுப்பு. "பல்லு வேற, செவுரு வேற மாப்ள!" என்பார், பக்கத்து வீட்டுக்கும் கேட்கிற மாதிரி. பதினாறு வருஷமாக அதே ஜோக். மனைவியும் பதினாறு வருஷமாகப் புதிதாகக் கேட்பதுபோல் சிரிக்கிறாள். டாக்டருக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆகவே, கிளினிக்குக்கு எதிரேயிருந்த ஹார்டுவேர் கடையில் வயர் இல்லாத டிரில் ஒன்று பாதி விலைக்கு என்று அட்டை தொங்கியபோது, டாக்டருக்குக் கால் தானாக அங்கே போனது. ஒரே ஒரு பீஸ்தான் மிச்சம்.

விற்பனைப் பெண் ரொம்ப நேர்மை. கடைக்கு ஆகாத நேர்மை. "கம்பெனி இந்த மாடலயே நிறுத்திட்டாங்க சார். பேட்டரி போச்சுன்னா வேற கிடைக்காது. அப்புறம் காகிதம் பறக்காம மேல வெக்கத்தான் ஆகும்" என்றாள்.

நாலு நாள் கடைக்கு நடந்தார். கையில் எடுப்பார், கனம் பார்ப்பார், வைத்துவிடுவார். ஐந்தாம் நாள் காலையில் மனைவியிடம் நைசாக, "நம்ம வீட்டுக்கு இன்னும் எத்தன ஓட்ட தேவைப்படும்?" என்று கேட்டார். "பதினொண்ணு" என்றாள் அவள், யோசிக்காமல். பதினோரு துளைக்கு ஒரு பேட்டரி போதாதா? ஆனால் அந்தச் சுவருக்கு இந்த மிஷின் தாங்குமா? இதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்குத் தெரிந்த விவரமான ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். யாரிடமிருந்து தப்பிக்க டிரில் வாங்கப்போகிறாரோ, அவரேதான்.

மானத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, கடையிலிருந்தே மச்சானுக்குப் போன் போட்டார். கிண்டல் வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. மச்சான் மாடல் நம்பரை மட்டும் கேட்டார்.

"நல்ல சாமான் மாப்ள. உங்க செவுத்துக்குத் தாராளம். பேட்டரிய முழுசா காலியாக விடாம பாத்துக்கிட்டா நாலு வருஷம் ஓடும். கண்ண மூடிட்டு வாங்குங்க." பிறகு குரல் இறங்கியது. "அப்ப... இனிமே நான் வர வேண்டியிருக்காது."

இந்த ஒரு வார்த்தைக்குத்தான் டாக்டர் பதினாறு வருஷம் தவம் கிடந்தார். கேட்டபோது துளி சந்தோஷம் இல்லை. மச்சான் கூப்பிடாத இடத்துக்குப் போகிறவர் அல்ல. வேலையை விட்ட பிறகு அவரைக் கூப்பிடுகிற இடமும் இந்த வீடு ஒன்றுதான். டாக்டருக்கு ரொம்பப் பாவமாகப் போய்விட்டது.

"இல்ல மச்சான்," என்றார். "நான் உங்ககிட்ட விசாரிக்கிறதுக்குள்ள வேற யாரோ வாங்கிட்டாங்க."

டிரில்லைக் கையில் பிடித்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். விற்பனைப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

அந்தப் பக்கம் குரலுக்கு உயிர் வந்துவிட்டது. "நல்லதாப் போச்சு மாப்ள! உங்களுக்கெல்லாம் எதுக்கு டிரில்லு? ஏணியவே ஒழுங்காப் பிடிக்கத் தெரியல, இதுல டிரில்லு வேற கேக்குதா? ஏம்மா, இத கேட்டியா?" என்று தன் மனைவியையும் கூப்பிட்டுச் சொன்னார். அங்கே இரண்டு பேரும் சிரித்தார்கள். "ஞாயித்துக்கிழமை வர்றேன். எதையும் தொடாம இருங்க, அது போதும்!"

"சரி மச்சான்" என்றார் டாக்டர். முகம் சிவந்துவிட்டது. வந்த இரக்கம் ஒரு நிமிஷம்கூடத் தங்கவில்லை. போனை வைத்த கையோடு பில் போடச் சொல்லிவிடுவது என்று முடிவு கட்டித் திரும்பினார்.

கை காலியாக இருந்தது. டிரில்லை எப்போது கையிலிருந்து வாங்கிக்கொண்டாள் என்றே தெரியவில்லை. விற்பனைப் பெண் அதைப் பெட்டியில் வைத்து, பக்கத்தில் நின்ற இன்னொருவருக்குப் பில் போட்டுக்கொண்டிருந்தாள்.