அம்பிகாவின் கிளாஸ்

ஜான்சன் பெல்ஜியத்திலிருந்து மூன்று பாட்டில் பீர் கொண்டுவந்தான். ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியின் ஃபினிஷிங் பிரிவு அவன் பொறுப்பில் இருந்தது. சாம்பிள் தோலைக் காட்டப் போன இடத்தில், அங்கிருந்த அதிகாரி பிரியமாகக் கொடுத்தது. ஒரு கிறிஸ்தவ மடத்துச் சாமியார்கள் காய்ச்சுவதாம். வருஷத்துக்குக் கொஞ்சம்தான் வெளியே விடுவார்களாம். ஆல்கஹால் பன்னிரண்டு சதவீதம். நம்மூர் ஸ்ட்ராங் பீர் எட்டோடு நின்றுவிடும்.

வீட்டில் பெட்டியைத் திறந்தபோது ஒரு பாட்டில் உடைந்திருந்தது. நான்கு சட்டைகள் காபி நிறத்தில் நனைந்து கிடந்தன. திட்டு விழப்போகிறது என்று ஜான்சன் பயந்தான். இருபத்திரண்டு வருஷமாக, பீர் வாசனை என்றாலே அவன் மனைவி அம்பிகா எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். இப்போது ஒரு சட்டையை எடுத்து மோந்து பார்த்தாள்.

"இன்னாங்க இது, கிறிஸ்துமஸ் கேக்குக்கு பழம் ஊறப்போட்ட வாசனை வருது?"

"பீர்தான்."

"இந்த வாசனையா?" மறுபடி மோந்தாள். "மிச்சம் ரெண்டு இருக்கில்ல? திறக்கும்போது எனக்கும் கொஞ்சம் கொடுங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கே ஹேமந்த் வந்தான். கம்பெனி லேபில் வேலை. ஜான்சனைவிடப் பத்து வயது சின்னவன். சனிக்கிழமைகளில் சத்துவாச்சாரியில் ஜான்சன் வீட்டு மொட்டைமாடியில் இரண்டு பேரும் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பீர் குடிப்பது வழக்கம். வந்ததும் ஒரு பாட்டிலை அவனே ஃப்ரீசரில் வைத்தான். "ஜில்லுன்னு இல்லன்னா அது பீரே இல்லண்ணே."

ஒரு மணி நேரம் கழித்து மாடிக்குக் கொண்டுபோனபோது பாட்டிலைக் கையில் பிடிக்க முடியவில்லை. பின்னாலேயே அம்பிகாவும் மூன்று டீ கிளாஸோடு ஏறிவந்தாள். ஹேமந்த் சட்டென்று எழுந்து நின்றான்.

"உக்காருங்க ஹேமந்த். நானும்தான் குடிக்கப் போறேன்."

ஜான்சன் ஊற்றினான். அவள் கிளாஸைக் கையில் எடுக்கும்போதே கீழே போன் அடித்தது. அவள் அம்மா. கிளாஸைக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

இரண்டு பேரும் ஒரே மூச்சில் குடித்தார்கள். குளிர் பல்லில் ஏறியது. லேசாக ஒரு கசப்பு, அவ்வளவுதான்.

"இருமல் மருந்து மாதிரி இருக்குண்ணே. இதுக்கா இவ்ளோ பேஜாரு?"

ஜான்சனுக்கும் அப்படித்தான் இருந்தது. அவ்வளவு தூரம் தூக்கிவந்தோமே என்று மனசுக்கு ஒரு மாதிரியாகிவிட்டது.

அம்பிகா திரும்பிவர அரை மணி நேரம் ஆனது. கிளாஸில் குளிர் விட்டிருந்தது. "இது வேணாம், சூடாயிருக்கும்," என்றான் ஜான்சன். அவள் மோந்து பார்த்துவிட்டு, ஒரு வாய் எடுத்து, விழுங்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

"பேரீச்சம்பழம்," என்றாள். இன்னொரு வாய். "வெல்லப்பாகு கொஞ்சம் கருகினா வருமே, அது. கடைசியில கிராம்பு."

"அண்ணி, நாமெல்லாம் ஒரே பாட்டிலைத்தானே குடிச்சோம்?" என்றான் ஹேமந்த்.

அவள் கிளாஸை அவனிடம் நீட்டினாள். அவன் தயங்கி ஒரு வாய் குடித்தான். பிறகு கிளாஸை ஜான்சனிடம் கொடுத்தான். ஜான்சன் குடித்தபோது நாக்கில் முதலில் இனிப்பு விரிந்தது. அப்புறம் கசப்பு, அதன் பிறகு நெஞ்சுக்குள் மெதுவாக ஒரு சூடு.

"குளிர்ல எல்லாத்தையும் சாகடிச்சிட்டோம்," என்றான்.

அன்றைக்கே கடைசி பாட்டிலையும் எடுத்தார்கள், ஆனால் ஃப்ரீசரில் வைக்கவில்லை. சும்மா ஃப்ரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்து, எடுத்து, திறக்காமல் மேஜையில் விட்டு, குளிர் கொஞ்சம் தணிந்ததும் மாடிக்குக் கொண்டுபோய்த் திறந்தார்கள். அந்தச் சின்ன பாட்டில் மூன்று பேருக்கும் ஒன்றரை மணி நேரம் வந்தது. அம்பிகா வறுத்த வேர்க்கடலை கொண்டுவந்தாள். மலைக்குப் பின்னால் வெயில் இறங்கியது. அவள் தான் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்து ஹெட்மாஸ்டர் பேசுவதுபோல் பேசிக் காட்டினாள். ஹேமந்துக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. இவள் இவ்வளவு பேசுவாள் என்பது ஜான்சனுக்கே மறந்துபோயிருந்தது. இத்தனை சனிக்கிழமைகளில் ஒரு நாளும் அவளை மேலே கூப்பிட்டதில்லையே என்று நினைத்தான். ஹேமந்த் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் போனான்.

அடுத்த மாதம் புருஷனும் பெண்டாட்டியும் காட்பாடியில் காலை ரயிலைப் பிடித்து பெங்களூரு போனார்கள். சொந்தமாகப் பீர் காய்ச்சும் கடை ஒன்றைப் பற்றி அம்பிகாதான் போனில் தேடிக் கண்டுபிடித்திருந்தாள். சின்னச் சின்ன கிளாஸ்களில் ஆறு வகை வாங்கினார்கள். காபி போட்டுக் காய்ச்சிய கறுப்பு பீர் அவளுக்குப் பிடித்துப்போனது. புளிப்பாக இருந்ததை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். அவன் அதையும் நிதானமாகக் குடித்து முடித்தான்.