இரண்டு வீட்டுக்கு ஒரு வீடியோ

சௌந்தரத்தின் கல்யாண வீடியோ அவளிடம் இல்லை. மூத்த ஓரகத்தி மாரியம்மாளின் பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு நடுவில் இருந்தது. கல்யாணத்தை முன்னின்று நடத்தியது மூத்தவர் வீடு. வீடியோக்காரன் டிஸ்கை அங்கேயே கொடுத்துவிட்டுப் போனான். தேவனாம்பட்டினத்தில் இரண்டு வீடுகளும் பக்கத்துப் பக்கத்தில்தான். நடுவில் வலை காயும் மணல். தன் கல்யாணத்தைப் பார்க்க சௌந்தரம் அந்த மணலைத் தாண்டிப் போக வேண்டும்.

போனாலும் முழுதாகப் பார்க்க முடியாது. ரிமோட் மாரியம்மாளின் கையில் இருக்கும். சிதம்பரம் பக்கம் முடசலோடையிலிருந்து பெண் வீட்டார் வேன் வந்து நின்றதும் வேகமாக ஓட்டும் பட்டனை அமுக்குவாள்.

"ஜனங்க வேன்லேந்து எறங்குறத என்னாத்துக்குப் பாக்கணும்? ஏறுனவங்க எறங்கத்தான் செய்வாங்க."

எல்லோரும் சிரிப்பார்கள். சௌந்தரமும் சிரிப்பாள். அந்த வேனிலிருந்து இறங்குகிறவர்களில் ஒருவர் அவள் அப்பா கலியபெருமாள். போன ஐப்பசியில் இறந்துபோனார். ஆல்பத்தில் இருக்கிறார்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். நடக்கிற அப்பா அந்த வேனுக்குப் பக்கத்தில் மட்டும்தான் இருந்தார். மாரியம்மாள் ஓட்டுகிற ஓட்டத்தில் ஒரு வெள்ளைச் சட்டை குதித்துப் போகும். அவ்வளவுதான்.

கேட்டிருக்கலாம். மாரியம்மாள் நல்ல மனசுக்காரி, நிறுத்திக் காட்டுவாள். காட்டினால் அத்தனை பேரும் டிவியை விட்டுவிட்டு சௌந்தரத்தின் முகத்தைப் பார்ப்பார்கள். அதனால் கேட்கவில்லை.

அந்த வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில், படகுகள் கரையில் கிடந்தபோது, டிஸ்க் சிக்க ஆரம்பித்தது. தாலி கட்டும் இடத்தில் படம் நின்றுவிடும். மாப்பிள்ளை பாண்டியன் இரண்டு கையையும் தூக்கியபடி நிற்பான்.

"இன்னும் கட்டலியாடா நீ?" என்றார் சாமிக்கண்ணு. பாண்டியனின் அண்ணன், மாரியம்மாளின் கணவர்.

"டிஸ்கு தேஞ்சிருச்சிண்ணே. அண்ணி, குடுங்க, கம்ப்யூட்டர்ல ஏத்திடறேன்."

பாண்டியன் கடலுக்குப் போகிறவன் இல்லை. மஞ்சக்குப்பத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் ரிப்பேர் பார்க்கிறான். வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் திட்டத்தைச் சொன்னான். அண்ணன் வீட்டில் கம்ப்யூட்டரும் இன்வெர்ட்டரும் இருக்கின்றன. கரண்ட் போனாலும் அங்கே கம்ப்யூட்டர் நிற்காது. அதில் ஒரு பெரிய ஹார்ட் டிஸ்கைப் போட்டு, வீடியோ, பாட்டு, போட்டோ எல்லாவற்றையும் ஏற்றிவிடுவது. அங்கிருந்து வீட்டுக்கொரு கேபிள். இரண்டு டிவிக்குப் பக்கத்திலும் மீடியா பிளேயர் என்று ஒரு சின்னப் பெட்டி.

"டிஸ்கு ஒண்ணு, வூடு ரெண்டு. அவுங்க ஒண்ணு பாக்கலாம், அதே நேரம் நாம ஒண்ணு பாக்கலாம்."

"ரிமோட்டு?" என்றாள் சௌந்தரம்.

"வூட்டுக்கு ஒண்ணு."

அன்று அவன் தட்டில் வஞ்சிரத்தின் நடுத்துண்டு விழுந்தது.

மாரியம்மாள் பக்கத்தில் நின்று காவல் காக்க, வீடியோ கம்ப்யூட்டரில் ஏறியது. தாலி கட்டும் இடத்தில் திணறி, ஒருவழியாகத் தாண்டியது. மறுநாள் காலையில் பாண்டியன் கேபிள் சுருளை அண்ணனிடம் கொடுத்தான்.

"இந்த வூட்லேந்து எங்க வூட்டுக்கு இழுத்து வைங்கண்ணே. கடைக்குப் போயி பெட்டிய எடுத்தாந்துடறேன்."

தடைக்காலம். சாமிக்கண்ணுவும் அவர் படகு ஆட்களும் வலை பின்னிக் கை சலித்திருந்தார்கள். சவுக்குக் கம்பம் நட்டார்கள். கம்பத்துக்குக் கம்பம் கேபிளைச் சுற்றி, காலை ஊன்றி இழுத்து, முடிச்சுப் போட்டார்கள். பாண்டியன் திரும்பி வந்தபோது கேபிளை விரலால் தட்டினால் 'டங்' என்றது.

"புயலுக்கும் அசையாது," என்றார் சாமிக்கண்ணு.

பாண்டியன் இரண்டு முனையிலும் பிளக் அடித்து, கேபிளைச் சோதிக்கும் டெஸ்டரை மாட்டினான். வரிசையாக மின்ன வேண்டிய விளக்குகளில் பாதி மின்னவில்லை.

"முடிச்சு போட்டது யாருண்ணே?"

"நான்தான். ஏன்?"

"உள்ள தலமுடியாட்டம் கம்பி ஓடுது. இழுத்த இழுப்புல அறுந்துருச்சு."

"என்னா கம்பிடா அது! எம் போட்டையே புடிச்சு நிறுத்துற முடிச்சு இது."

"ஒங்க போட்டு நிக்கணும்ணே. இதுல படம் ஓடணும்."

"கயிறுன்னா இழுத்துக் கட்டணும்டா. தொளதொளன்னு வுட்டா கரையில சிரிப்பாங்க."

"இது கயிறு இல்லண்ணே!"

சாமிக்கண்ணுவின் முகம் சுருங்கிவிட்டது. முடிச்சுகளை அவிழ்க்க முடியவில்லை, வெட்டித்தான் எடுத்தார்கள். பாண்டியன் வேர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"அடுத்த வாரம் பாத்துக்கலாம்."

சௌந்தரத்துக்கு அந்த அடுத்த வாரத்தைத் தெரியும். வீட்டு மிக்ஸியும் அதற்குத்தான் காத்திருந்தது. மணலில் இறங்கினாள். சுருளைத் தூக்கிப் பார்த்தாள். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

"மாமா, கம்பம் இருக்கட்டும். நைலான் கயித்த ஒங்க இஷ்டத்துக்கு இழுத்துக் கட்டுங்க. கேபிள அதுல தொங்க வுட்டுடலாம். கொடியில துணி தொங்கலியா?"

சாமிக்கண்ணு தம்பியைப் பார்த்தார். தம்பி மேலே பார்த்து யோசித்தான்.

"தாராளமா செய்யலாம்ணே."

"அத மொதல்லியே சொல்றதுக்கு என்னா?" சாமிக்கண்ணு கயிறு எடுக்க ஓடினார்.

சாயங்காலம் டெஸ்டரில் எல்லா விளக்குகளும் மின்னின. மாரியம்மாள் கம்ப்யூட்டருக்குக் கற்பூரம் காட்டினாள். கேபிள் போய்ச் சேரும் வீட்டில் முதலில் பார்த்தால்தான் வேலை சரியா என்று தெரியும் என்றான் பாண்டியன். மொத்தக் குடும்பமும் சௌந்தரத்தின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது.

சௌந்தரம் இதை எதிர்பார்க்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு தனியாகப் பார்க்கலாம் என்றிருந்தாள். ஆனால் ரிமோட், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல், அவள் கையில் இருந்தது.

டிவியில் வேன் வந்து நின்றது.

"ஓட்டு, ஓட்டு," என்றாள் மாரியம்மாள்.

"இருங்கக்கா. எங்கப்பா வருவாரு."

கலியபெருமாள் இறங்கினார். வேனின் பக்கக் கண்ணாடியில் குனிந்து, சீப்பை எடுத்து, வகிடு பார்த்து வாரினார். திரும்பினால் கேமரா. சீப்பைச் சட்டென்று வேட்டி மடிப்பில் செருகிவிட்டு, ஓட்டுக் கேட்க வந்தவர் மாதிரி கை கூப்பினார். சீப்பு கீழே விழுந்தது. கூப்பிய கையை விடாமல், காலால் அதைத் தேடினார்.

சாமிக்கண்ணு தொடையில் அடித்துச் சிரித்தார். மாரியம்மாளுக்குப் புரை ஏறியது. சௌந்தரத்தின் கன்னம் நனைந்திருந்தது, யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் கலியபெருமாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அடிப்பாவி! இதையா இத்தினி நாளா ஓட்டிக்கிட்டிருந்தேன்?" என்றாள் மாரியம்மாள். "திருப்பிப் போடு."

சௌந்தரம் திருப்பிப் போட்டாள். இன்னொரு தடவையும்.

எல்லோரும் கிளம்பியபின் சௌந்தரம் கதவைச் சாத்திவிட்டு மறுபடி வேனிலிருந்து ஆரம்பித்தாள். ஹாரன் அடித்து வேன் நின்றது. அப்பா இறங்கினார். அவர் சீப்பை எடுக்கும்போது மறுபடி ஹாரன் கேட்டது. அவள் டிவியிலிருந்து இல்லை. மணலுக்கு அந்தப் பக்கம், மாரியம்மாள் வீட்டு டிவியிலிருந்து.