இல்லாத மாடிக்கு ஒரு திரைச்சீலை

1.
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு திரைச்சீலையிலிருந்து வந்தது. எகிப்தின் மின்யா நகரில், ஒரு மொட்டைமாடியின் தூண்கம்பிகளுக்கு நடுவே அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. சுவர் இல்லை, ஜன்னல் இல்லை. அன்று முழுக்க நான் எங்கே நடந்தேன் என்பதே நினைவில்லை.

2.
முதல் வரி: ‘ஏழைகளுக்காகவே வாழ்ந்த ராவியா’— வேண்டாம், இரங்கல் கூட்டம் மாதிரி இருக்கிறது.

இரண்டாவது: ‘நைல் நதி அன்று’— நதியை விட்டுவிடுவோம்.

ராவியா, இல்லாதவர்களுக்கு வீடு கட்டித்தரும் ஓர் அறக்கட்டளையின் இன்ஜினியர். குடும்பத்துக்கு ஒரே தளம். மேலே கட்டி வாடகைக்கு விடக்கூடாது என்பது விதி. ஆனால் மேஸ்திரி கிர்கிஸ் கைப்பழக்கத்தில் தூண்கம்பிகளை மேலே நீட்டி விட்டுவிட்டார். நாளை மகன் குடியேறும் மாடிக்குக் கம்பி விடாமல் இந்த ஊரில் யாரும் வீடு கட்டியதில்லை. இப்போது மொட்டைமாடியில் கட்டர் மிஷினோடு நிற்கிறார். கம்பியை வெட்டினால்தான் வீட்டுக்குரிய நபீசாவுக்குச் சாவி.

“வெட்டிட்டா என் மவன் ஃபவ்ஸி எங்க குடித்தனம் பண்ணுவான், ஆகாசத்துலயா?” என்றாள் நபீசா.

“இப்பவும் ஆகாசம்தானே, உம்மு ஃபவ்ஸி?” என்றாள் ராவியா. அங்கே தாயை மகன் பெயரால்தான் அழைப்பார்கள்.

“கம்பி நிக்குதுல்ல! வெள்ளிக்கிழமை பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. அண்ணாந்துதான் பாப்பாங்க. மொட்டைத் தலையக் காட்டியா பொண்ணு கேக்குறது?”

“என்னையப் பாக்காதீங்க இன்ஜினியரம்மா,” என்றார் கிர்கிஸ். “கை தானா விட்டுடுச்சு.”

3.
ராவியாமேல் எனக்குச் சந்தேகம். வீடு அமையாமல் நின்றுபோன நிச்சயதார்த்தம் ஒன்றை அவளுக்குக் கொடுத்திருந்தேன். கதைக்கு ரொம்பத் தோதாக இருக்கிறதே என்று அடித்துவிட்டேன். அவள் விடவில்லை. [அடித்த வரி: மோதிரத்தைத் திருப்பிக் கொடுத்த அன்றும் அவள் வயிறாரச் சாப்பிட்டாள்.]

அதனால்தான் கம்பிகளுக்கு நடுவே நபீசா கட்டிவைத்த திரைச்சீலைக்குப் பின்னால் அவளுக்கு ஓர் அறை தெரிகிறது. தேநீர் கொதிக்கிறது. யாரோ ஒரு பெண் ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே முணுமுணுவென்று பாடுகிறாள். (கனவு காண்பது ராவியாவா நானா என்று கேட்காதீர்கள்.)

4.
ஒரு முடிவு: வெட்டுகிறார்கள். சாவி வருகிறது. பெண் வீட்டார் தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள்; அப்புறம் வரவேயில்லை.

இன்னொன்று: வெட்டவில்லை. பெண் வீட்டாருக்குத் திருப்தி. வீடு பூட்டிக் கிடக்கிறது. நபீசா பழையபடி பேரீச்ச ஓலைக் கூரைக்கே போகிறாள்.

மூன்றாவது: கம்பியை மடக்கிச் சிமெண்ட் பூசி மறைத்துவிட்டு— (எழுதும்போது எனக்கே சந்தோஷமாக இருந்தது. ஆனால் மறைத்த கம்பியைச் சம்பந்திக்கு எப்படிக் காட்டுவது?)

கிர்கிஸ் கட்டரை ஒருமுறை ஓடவிட்டு நிறுத்தினார். “சொல்லுங்கம்மா. வெட்டவா, வேணாமா?”

ராவியா திரைச்சீலையை விலக்கி ஓர் அடி வைத்தாள்.

“செருப்போடயா?” என்றாள் நபீசா. “வீட்டுக்குள்ள வர்றீங்க.”

ராவியா கழற்றினாள். சிமெண்ட் தரை வெயிலில் கொதித்தது. அவள் நகரவில்லை.

அவள் பதிலை நான் எழுதமாட்டேன், எனக்குத் தைரியம் இல்லை. நீங்கள் சொல்லுங்கள். ஆனால் அங்கே இருந்துகொண்டு சொல்லாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வந்து சொல்லுங்கள்.