மேடைக்கு வந்த அன்னக்கிளி

கொல்லைமேடு அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆண்டு விழா என்று ஒன்று நடந்தது அந்த வருடம்தான் முதல் தடவை. அதுவரை சுதந்திர தினத்தன்று மிட்டாய் கொடுப்பதோடு சரி. புதிதாக மாற்றலாகி வந்த தலைமையாசிரியர் தணிகாசலம் அப்படி விட்டுவிடுகிற ஆள் இல்லை. "நம்ம புள்ளைங்க ஜெயிச்சா நாமதான் கைதட்டணும். வேற யாரு வந்து தட்டுவாங்க?" என்று சொல்லி, 2004 பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு விழாவை வைத்துவிட்டார்.

கைதட்டுவதற்கு விஷயமும் இருந்தது. கோ-கோவில் பெண்கள் அணி மாவட்ட அளவில் இரண்டாவதாக வந்திருந்தது. ஐயனார் வாத்தியாரிடம் அறிவியல் படித்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் தேறியிருந்தார்கள். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி வரைந்த ஏரிப் படம் காஞ்சிபுரம் கண்காட்சி வரைக்கும் போய் வந்திருந்தது. படம் திரும்பி வருவதற்குள் அந்த ஏரியில் பாதி கம்பெனி மதிலுக்குள் போயிருந்தது.

மைக்கில் பேர் வாசித்து எல்லாரையும் மேடைக்கு அழைக்கிற வேலை தமிழாசிரியை ஷாரோனுக்கு. அந்தப் பள்ளியில் நெடுநாளாக இருப்பவள் அவள்தான். குரலும் கணீரென்று இருக்கும்.

விழா அன்று காலை அவள் பந்தலில் நாற்காலி போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது தணிகாசலம் சிரித்த முகமாக வந்தார்.

"டீச்சர், கடைசியில ஒண்ணு சேத்துக்குங்க. நமக்கு பெஞ்ச் குடுத்தாங்களே இருங்காட்டுக்கோட்டை கம்பெனி, காருக்கு ஒயர் கட்டுறவங்க, அங்க இந்த வருஷம் சிறந்த ஆபரேட்டர்னு பேர் வாங்கின பொண்ணு நம்ம ஸ்கூல் பழைய மாணவியாம். எச்.ஆர். ஆபீசரே கூட்டிக்கிட்டு வர்றாரு. ஒரு சால்வை போட்டுருவோம்."

"யாரு சார்?"

"அன்னக்கிளி. ரெண்டாயிரத்துல பத்தாவது. ஸ்கூல் ஃபர்ஸ்டாமே?"

ஷாரோன் அவர் முகத்தையே பார்த்தாள். "சார், அன்னக்கிளி செத்துப்போச்சு."

"வேற அன்னக்கிளியா இருக்கும்."

"அந்த வருஷம் ஃபர்ஸ்ட் வந்தது ஒரே பொண்ணுதான் சார். நான்தான் கிளாஸ் டீச்சர்."

தணிகாசலம் குழம்பினார். "அப்போ கம்பெனியில பேரை மாத்திச் சொல்லியிருப்பாங்க. வரட்டும், பாத்துக்கலாம்" என்று சமையல்காரரைப் பார்க்கப் போய்விட்டார்.

ஷாரோனுக்கு அதன்பிறகு எந்த வேலையும் ஓடவில்லை. மதிப்பெண் பட்டியல் வாங்க வந்த அன்றுதான் அன்னக்கிளி இறந்தாள். பட்டியலை மடிக்காமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனவளை, பெங்களூர் ரோட்டைக் கடக்கும்போது மண் லாரி அடித்தது. பட்டியலில் ஒரு கீறல்கூட விழவில்லை என்று ஊரே சொல்லிச் சொல்லி அழுதது. குழியில் ஒரு பிடி மண் போட்டவர்களில் ஷாரோனும் உண்டு. ஈர மண் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டு லேசில் போகாதது இன்னும் நினைவிருந்தது.

மத்தியானம் கம்பெனி வேன் வந்து நின்றது. முதலில் எச்.ஆர். ஆபீசர் மணிகண்டபிரபு இறங்கினார். பின்னால் நீலக் கோட்டுப் போட்ட இரண்டு பெண்கள். இரண்டாவதாக இறங்கியவளைப் பார்த்ததும் ஷாரோன் பந்தலை விட்டு வெளியே வந்தாள். அதே ஒல்லி உடம்பு. பின்னலை இடது தோள் வழியாக முன்னால் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி நடக்கிற அதே நடை. வெயிலில் அன்னக்கிளிதான் நடந்து வந்தாள்.

கிட்டே வந்தபோதுதான் புருவத்தின் மேல் தழும்பு தெரிந்தது. ஆறாவது படிக்கும்போது அடிபம்புக் கைப்பிடி பட்டுக் கிழிந்த தழும்பு. ஷாரோன்தான் அன்று தன் கைக்குட்டையை வைத்து அழுத்திப் பிடித்திருந்தாள். இவள் தங்கை. கங்கம்மாள். இரண்டு வருடம் முன்னால் பத்தாவதில் கணக்கில் போய்விட்டு, அப்புறம் பள்ளிப் பக்கமே வராதவள்.

"கங்..." என்று ஷாரோன் வாயெடுத்தாள்.

"வணக்கம் டீச்சர்" என்று அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள். "நான் அன்னக்கிளி. ஞாபகம் கீதா?"

கோட்டில் தொங்கிய அட்டையிலும் அந்தப் பேர்தான் இருந்தது. கம்பெனியில் சேர பதினெட்டு வயது ஆகவேண்டும், பத்தாவது தேறியிருக்கவேண்டும். கங்கம்மாளுக்கு அப்போது இரண்டுமே இல்லை. அக்காளுக்கு இரண்டும் இருந்தது, உயிரைத் தவிர. அந்தக் காலத்துச் சான்றிதழில் போட்டோ கிடையாது.

தணிகாசலம் ஷாரோனின் காதருகே குனிந்து, "பாத்தீங்களா டீச்சர், உயிரோடதான் இருக்கு" என்று சிரித்தார்.

விழா தொடங்கியது. ஷாரோன் மைக் முன்னால் நின்று ஒவ்வொரு பேராக வாசித்தாள். கோ-கோ பெண்கள் கோப்பையை ஆளுக்கு ஒரு கை பிடித்துத் தூக்கினார்கள். ஐயனார் வாத்தியார் சால்வையைத் தோளில் நிற்க வைக்கத் தெரியாமல் திண்டாடினார். பிள்ளைகள் விசிலடித்தார்கள். மேடை ஓரத்து நாற்காலியில் நீலக் கோட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஷாரோன் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. உண்மையைச் சொன்னால் அந்தப் பெண்ணுக்கு வேலை போகும், போலீஸ் கேஸ் ஆனாலும் ஆகும். சொல்லாவிட்டால், தானே மண் போட்டு மூடியவளைத் தானே மேடைக்குக் கூப்பிடவேண்டும்.

கூப்பிட்டாள். "நமது பள்ளியின் முன்னாள் மாணவி, செல்வி அன்னக்கிளி."

முன்வரிசைப் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, பலமாகத் தட்டினார்கள். பின்னால் நின்ற ஊர்க்காரர்களின் சத்தம் மட்டும் சட்டென்று அடங்கியது. ஒரு பெண் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அவர்களும் அந்தக் குழிக்கு வந்தவர்கள்தான். அவர்கள் நடுவில் ஒரே ஒருத்தி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, பிள்ளைகள் நிறுத்திய பிறகும் தட்டிக்கொண்டேயிருந்தாள். அது கனகம். அக்காள் தங்கை இருவருக்கும் தாய்.

மணிகண்டபிரபு பேசினார். "அன்னக்கிளி மாதிரி ஒரு ஒர்க்கரை நான் பார்த்ததில்லை. சேர்ந்த நாள்லேர்ந்து ஒரு நாள்கூட லீவு கிடையாது. காய்ச்சல்னு வந்து நின்னது கிடையாது. சாப்பாட்டு நேரம் முடிஞ்சிச்சான்னு நாங்க மணி பார்ப்போம், அந்தப் பொண்ணு லைன்ல நிக்கும். பசி, தூக்கம் எதுவுமே கிடையாதோன்னு சூப்பர்வைசர்ங்க பேசிக்குவாங்க."

தணிகாசலம் மைக்கை அவளிடம் நீட்டினார். "ரெண்டு வார்த்தை பேசும்மா. சின்னப் பசங்களுக்கு உதவும்."

அவள் மைக்கை வாங்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்தா" என்றாள். "கங்கம்மான்னு பேரு. இதே ஸ்கூல்லதான் படிச்சா. கணக்கு வராது அவளுக்கு. நல்லா ஓடுவா, மரம் ஏறுவா. ஷாரோன் டீச்சர்னா உசுரு. அவ இப்ப இல்ல."

அதற்கு மேல் பேசாமல் மைக்கைக் கொடுத்துவிட்டாள். மணிகண்டபிரபு தலையைக் குனிந்துகொண்டார். தணிகாசலம் இளகிய மனசுக்காரர். கண் கலங்கிவிட்டது. மைக்கைப் பிடித்து, "மறைந்த நம் மாணவி கங்கம்மாளுக்காக எல்லாரும் எழுந்து ஒரு நிமிஷம் மௌன அஞ்சலி செலுத்துவோம்" என்றார்.

பள்ளி முழுக்க எழுந்து நின்றது. கோ-கோ பெண்கள் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு நின்றார்கள். பின்னால் ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். பந்தல் துணி காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. மேடை நடுவில் கங்கம்மாள் கைகட்டி, கண்ணை மூடிக்கொண்டு, தனக்காக நின்றாள். யாராவது ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று இருந்தது. தன் நாக்கும் எழவில்லை.

விழா முடிந்து எல்லாருக்கும் கேசரி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். கங்கம்மாளுடன் வந்த இன்னொரு நீலக் கோட்டுப் பெண் ஷாரோனைத் தேடி வந்தாள். தங்கமாரி என்று பேர் சொன்னாள். சங்கரன்கோவில் பக்கமாம். இருங்காட்டுக்கோட்டையில் இருவரும் ஒரே அறையில் வாடகைக்கு இருக்கிறார்களாம்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். தப்பா நெனைக்காதிய. இவ தூக்கத்துல 'கங்கா, கங்கா'ன்னு கூப்பிடுதா. கூப்பிட்டுட்டு, பதில் வரும்னு பாக்கிற மாதிரி சும்மா கெடக்கா. அப்புறமும் கூப்பிடுதா. எனக்குப் பக்கத்துல படுக்கவே பயமா இருக்கு. செத்துப்போன தங்கச்சின்னு இன்னைக்குத்தான் தெரியும். அந்தப் பிள்ளைக்குக் காரியம் ஏதாவது செய்யாம விட்டுட்டாவளோ?"

ஷாரோன் கங்கம்மாளைத் தேடிப் போனாள். அவள் பத்தாம் வகுப்பு அறையில் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா அப்படிப் பேசினே?"

"யாராச்சும் வாயத் தொறப்பாங்கன்னு பாத்தேன் டீச்சர். 'அடியே, நீதான்டி கங்கா'ன்னு பின்னாலேர்ந்து ஒரு குரல் வரும்னு பாத்தேன். எல்லாரும் எழுந்து நின்னுட்டாங்க. அம்மாவும் நின்னுச்சு."

ஷாரோன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மொதல்ல கம்பெனி கேட்டுல மட்டும்தான் டீச்சர் அந்தப் பேரு. உள்ள போயி கோட்டு மாட்டினா அன்னக்கிளி, வெளிய வந்தா நானு. அப்புறம் ரூம்லயும் அதே பேருதான். லீவுக்கு வூட்டுக்குப் போனா, அம்மா 'கிளி வந்துட்டியா'ன்னுச்சு. வெளையாட்டுக்குன்னு நெனச்சேன். அக்காவுக்குப் புடிக்கும்னு வாழக்கா வறுத்து வெச்சிது. எனக்கு ஆவாதுன்னு அதுக்குத் தெரியும். தின்னுட்டேன். 'கங்கா எங்கம்மா?'ன்னு ஒரு நாளு நானே கேட்டேன். 'அவதான் போய்ட்டாளே'ன்னு சொல்லிட்டு அரிசி பொடைக்கப் போயிட்டுச்சு. இன்னா பண்றது சொல்லுங்க. அக்கா செத்தப்போ அது ரெண்டு நாளு பேச்சு மூச்சு இல்லாம கெடந்துச்சி. இப்ப நல்லாக் கீது. ஊர்ல எல்லார்கிட்டயும் 'எம் பொண்ணு ஷிப்டுக்குப் போயிருக்கு'ன்னு சொல்லுது. எந்தப் பொண்ணுன்னு யாரும் கேக்கறதில்ல."

"கணக்குப் பரீட்சை ஒண்ணுதானே பாக்கி. எழுதிடு" என்றாள் ஷாரோன். வேறு என்ன சொல்வதென்று தெரியாமல் வாயில் வந்ததைத்தான் சொன்னாள். "உன் பேர்ல எழுது. பதினெட்டும் ஆயிடும். உன் பேர்லயே வேற எடத்துல வேலைக்குப் போகலாம்."

கங்கம்மாள் பெஞ்சில் கீறியிருந்த பேர்களை விரலால் தடவினாள். "அப்போ அக்கா?"

ஷாரோன் எழுந்து, திறந்து கிடந்த ஜன்னலைச் சாத்தினாள்.

ஆனாலும் கங்கம்மாள் வந்தாள். வார விடுமுறை அன்று காலையிலேயே ஷாரோன் வீட்டுக்கு வந்துவிடுவாள். ஐயனார் வாத்தியாரும் வந்து கணக்குச் சொல்லிக்கொடுத்தார். தொடக்கத்தில் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதற்குச் சற்று நேரமாகும். நோட்டில் பேர் எழுதச் சொன்னால் 'அ' எழுதி அடிப்பாள். ஒரு நாள் வழக்கமில்லாத சுறுசுறுப்போடு ஒரு கணக்கை மளமளவென்று போட்டு முடித்துவிட்டு, தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். "இது நான் போட்டதா டீச்சர்?" என்று கேட்டாள். ஷாரோன் எட்டிப் பார்த்தாள். சமக்குறிகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்குவது அன்னக்கிளியின் வழக்கம். "நீதான் போட்டே" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினாள்.

ஊரில் யாரும் கம்பெனிக்குத் தகவல் சொல்லவில்லை. வீட்டுக்கு ஒரு பிள்ளையாவது ஏதோ ஒரு கம்பெனி கேட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

அக்டோபரில் தனித்தேர்வு எழுதினாள். தேறிவிட்டாள். முடிவு வந்த அன்றைக்குத்தான் ஷாரோன் தணிகாசலத்திடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "உயிரோட இருக்கிற புள்ளையை நிக்க வெச்சு அஞ்சலி செலுத்தியிருக்கேனே, டீச்சர்" என்றார். மறுநாள் காலை வழிபாட்டில் அவரே மைக்கைப் பிடித்தார். "நம் பள்ளியின் பழைய மாணவி கங்கம்மாள் பத்தாம் வகுப்பு தேறியிருக்கிறார். எல்லாரும் கைதட்டுங்க" என்றார்.

பிள்ளைகள் தட்டினார்கள். பாதியில் கோ-கோ அணிப் பெண் ஒருத்தி மட்டும் கையை நிறுத்திவிட்டு ஷாரோனைப் பார்த்தாள்.

"டீச்சர், அவங்கதான செத்துட்டாங்க? நாம எழுந்து நின்னோமே?"

"இல்லம்மா" என்றாள் ஷாரோன். "அது வேற."

நவம்பரில் கங்கம்மாள் கம்பெனியில் வேலையை விட்டாள். மணிகண்டபிரபு எவ்வளவோ சொல்லிப் பார்த்தாராம். லைனில் எல்லாரும் சேர்ந்து கேக் வெட்டி, 'அன்னக்கிளிக்கு அன்புடன்' என்று எழுதிய சுவர்க்கடிகாரம் ஒன்றைக் கொடுத்தார்களாம். தங்கமாரிதான் ரொம்ப அழுதாளாம். இதையெல்லாம் ஷாரோனிடம் சொல்லிவிட்டு, "வூட்டுக்குப் போவணும். கூட வாங்க டீச்சர். தனியாப் போக பயமாக் கீது" என்றாள்.

வாசலில் கனகம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கங்கம்மாள் அவள் எதிரில் போய்க் குந்தி உட்கார்ந்தாள்.

"அம்மா, கம்பெனிக்கு இனிமே போவல. அந்தப் பேர விட்டுட்டேன். நாளைக்கு ஒரகடத்துல வேற வேலை கேக்கப் போறேன், எம் பேர்ல."

கனகம் கீரையைக் கீழே போட்டாள். மகளின் கோட்டு இல்லாத தோளைப் பார்த்தாள், வெறும் கழுத்தைப் பார்த்தாள். பிறகு நெஞ்சில் அறைந்துகொண்டு, "அய்யோ என் கிளி, போய்ட்டியா" என்று ஊரே கேட்கக் கத்தினாள். பெரியவள் செத்த அன்று மயங்கிக் கிடந்ததில் அழாமல் விட்ட அழுகை. பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். என்ன ஏதென்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொருத்தியாக உட்கார்ந்து, கனகத்தின் தோளைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். லாரியையும் ரோட்டையும் சொல்லி, ஸ்கூல் ஃபர்ஸ்ட் வந்ததைச் சொல்லி, அப்போதுதான் உடல் வந்து இறங்கியதுபோல அழுதார்கள். கங்கம்மாள் சுவரோடு சுவராக ஒட்டி நின்றாள். அவளுக்கும் அழுகை வந்தது. ஆனால் அந்த வட்டத்துக்குள் போய் உட்கார அவளுக்குத் தைரியம் வரவில்லை. ஷாரோன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தக் கை ஜில்லென்றிருந்தது.

வெயில் சாயும்வரை அழுது கனகம் ஓய்ந்தாள். கங்கம்மாள் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் மொண்டு வந்து நீட்டினாள். கனகம் முழுவதும் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து, நெடுநேரம் அந்த முகத்தையே பார்த்தாள். விரலை நீட்டிப் புருவத்து மேல் தழும்பைத் தடவினாள்.

"நீ எப்ப வந்தே?" என்றாள்.