மூடிய ஹாலில் ஒரு சுவர்

மேஸ்திரியை ஓவியம் பார்க்கக் கூட்டிப் போனால் அவர் தரையைப் பார்ப்பார். காலையிலிருந்து அதுதான் நடந்துகொண்டிருந்தது. புருஷனும் பெண்டாட்டியும் தலைநகருக்கு முதல்முறை வந்திருக்கிறார்கள். ஒரே நாள்தான். சாயங்கால ரயிலுக்குத் திரும்பவேண்டும். முதலில் போன ஓவியக் கூடத்தில் ஒரு சுவரையே அடைத்துக்கொண்டு ஒரு கடற்போர் படம் இருந்தது. வந்தவர்கள் எல்லாம் அதன் முன்னால் வாயைப் பிளந்து நின்றார்கள். மேஸ்திரி மட்டும் குத்தவைத்து உட்கார்ந்து, தரையில் இரண்டு கற்களுக்கு நடுவே நகத்தை ஓட்டினார்.

"நகம் இறங்கவே இல்ல பாரு. எவனோ கைதேர்ந்த வேலைக்காரன்."

"எழுந்திரிங்க. கப்பலை விட்டுட்டு உங்களைப் படம் புடிக்கிறாங்க."

அடுத்து சிலைகள். அங்கே அவர் மனைவிக்குத்தான் பேச்சு வந்தது. "ஒண்ணுக்காவது மூக்கு இருக்கா பாருங்க. என்ன குடும்பச் சண்டையோ."

டைல்ஸ் ஒட்டுவதில் மேஸ்திரிக்கு இருபத்திரண்டு வருஷ அனுபவம். அந்த வேலை கொடுத்த ஒரு வியாதியும் உண்டு. எந்தச் சுவரைப் பார்த்தாலும் விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார். டிக் என்றால் கல் பிடித்திருக்கிறது. டொக் என்றால் பின்னால் காலி. பெண் பார்க்கப் போன வீட்டிலேயே தட்டியவர். சுவருக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த பெண், யாரோ கூப்பிடுகிறார்கள் என்று வெளியே வந்துவிட்டாள். அந்தப் பெண்தான் இப்போது பக்கத்தில் நடக்கிறாள்.

மூன்றாவது மியூசியத்துக்குத்தான் அவள் காலையிலிருந்து காத்திருந்தாள். அங்கே அவளுடைய தம்பி காவலர். ஒரு வருஷமாகத் தற்காலிக வேலை. வெள்ளிக்கிழமை நிரந்தர உத்தரவு வரப்போகிறது. சீருடையில் தம்பியைப் பார்த்ததும் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பெல்ட்டெல்லாம் போட்டு எப்படி இருக்கான் பாருங்க!"

"பெல்ட் இல்லன்னா பேன்ட் நிக்காது," என்றார் மேஸ்திரி.

"வாங்க மாமா, வந்ததுமே ஆரம்பிச்சிட்டீங்களா?" மச்சான் சிரித்தான். பிறகு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்குன்னே ஒண்ணு வெச்சிருக்கேன். பழைய அரண்மனைச் சுவர். முழுக்க டைல்ஸ். ரிப்பேருக்காக ஹாலை மூடி வெச்சிருக்காங்க. மேலாளர் சாப்பிடப் போயிருக்காரு. அஞ்சே நிமிஷம். எதையும் தொடக்கூடாது."

"நான் என்ன கைக்குழந்தையா?"

ஹால் வாசலில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தது. மச்சான் முடிச்சை அவிழ்த்து இருவரையும் உள்ளே விட்டான்.

சுவர் இரண்டு ஆள் உயரம். நீலமும் பச்சையுமாக மரங்கள், மரங்களுக்கு நடுவே குதிரைகள். உள்ளங்கை அளவு கற்கள் ஆயிரத்துக்குக் குறையாது. அன்றைக்கு முதல்முறையாக மேஸ்திரி தலையைத் தூக்கிப் பார்த்தார். மனைவி தம்பியைப் பெருமையோடு இடித்தாள். வீட்டுச் சமாச்சாரம் பேசிக்கொண்டு இருவரும் இரண்டடி நகர்ந்தார்கள்.

அந்த இடைவெளியில் அவர் கை சுவருக்குப் போய்விட்டது.

டிக். டிக். நெஞ்சு உயரத்தில், டொக்.

தட்டியிருக்கக்கூடாது என்று அவருக்கு உறைப்பதற்குள் அந்தக் கல் ஒரு நூல் அளவு முன்னால் வந்தது. உள்ளங்கையால் அழுத்திப் பிடித்தார். மேலே இருந்த கல்லும் அசைந்தது. இன்னொரு கையை அதில் வைத்தார். இடுக்கிலிருந்து பழைய சாந்து, சலித்த மாவு மாதிரி அவர் சட்டைப் பைக்குள் கொட்டியது. கால் முட்டியையும் கொடுத்தார். சுவரைக் கட்டிப்பிடித்தபடி நின்றார்.

"மாமா, விளையாடாதீங்க."

"விளையாடல மாப்ள. கையை எடுத்தா மேல நாலு வரிசை வந்துரும்."

மச்சான் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஓடிப்போய் வாசலை எட்டிப் பார்த்தான், திரும்பி வந்தான், மறுபடி ஓடினான். "வெள்ளிக்கிழமை மாமா! வெள்ளிக்கிழமை ஆர்டர்! இன்னைக்குப் புதன்!"

"தெரியுதுப்பா."

"தெரிஞ்சா தட்டுவீங்களா?"

மேஸ்திரி கல்லை இன்னும் அழுத்தினார். நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கி எரிந்தது. துடைக்கக் கையில்லை.

மச்சான் மூச்சு வாங்கினான். பிறகு பக்கத்தில் வந்து, காதோடு சொன்னான். "விட்டுடுங்க. இங்க கேமராவைக் கழட்டி வெச்சிருக்காங்க. மூடின ஹால், பழைய சுவர். தானா விழுந்ததா இருக்கட்டும். கயித்தைக் கட்டிட்டுப் போயிடுவோம்."

"ஆமாங்க," என்றாள் மனைவி. அவள் குரல் அவளுடையதாகவே இல்லை. "வந்துடுங்க. நம்மளால அவன் பொழப்புல மண்ணு விழ வேண்டாம். கல்லுதானே."

கல்தான். வழக்கமாக அவர் சொல்வதைத்தான் இப்போது அவள் சொல்கிறாள். வேறு வீடாயிருந்தால் அவரே சுத்தியலை எடுத்து நாலு வரிசையையும் தட்டி இறக்கிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார். விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி எடுத்துவிடலாம். எண்ணவும் செய்தார். இரண்டு விரல்களுக்கு நடுவே ஒரு குதிரையின் கண் அவரையே பார்த்தது. மூன்று வந்தது, போனது. கை அங்கேயே இருந்தது.

"வர மாட்டேங்குது."

"என்ன வர மாட்டேங்குது?"

"கை வர மாட்டேங்குதுடி."

மணி ஒன்று நாற்பது. மேலாளர் ஒன்றே முக்காலுக்கு வந்துவிடுவார். இடது தோள் நடுங்க ஆரம்பித்திருந்தது. அது இன்னும் எத்தனை நிமிஷம் தாங்கும் என்று மேஸ்திரிக்குத் தெரியும். தெரிந்ததை அவர் சொல்லவில்லை. வேறொன்று சொன்னார்.

"மாப்ள, கேளு. நான் கயித்துக்குக் கீழ குனிஞ்சு தானா நுழைஞ்சேன். நீ வந்து பார்த்தே, புடிச்சுட்டே. நான் யாரோ. புரியுதா? வயர்லெஸ்ல கூப்புடு."

மச்சான் அவரைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். 'வேண்டாம் மாமா' என்று ஒரு வார்த்தை சொல்லுவான் என்று அவள் காத்திருந்த மாதிரி இருந்தது. அவன் முதலில் கயிற்றை இருந்தபடியே கட்டினான். பிறகு வயர்லெஸ்ஸை எடுத்தான். "மூடின ஹாலுக்குள்ள ஆள் நுழைஞ்சிருக்காங்க சார். சுவத்துல கை வெச்சிருக்காங்க. சீக்கிரம் வாங்க."

மேலாளர் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவருக்கு முன்னால், வெள்ளை அங்கியோடு, ரிப்பேர் பிரிவு அம்மா ஓடி வந்தாள். அவள் யாரையும் எதுவும் கேட்கவில்லை. மேஸ்திரியின் கைக்குப் பக்கத்தில் தன் கையைப் பதித்து, காதைச் சுவரோடு வைத்தாள்.

"எங்கருந்து காலி?"

"இந்தக் கல்லுலருந்து மேல நாலு வரிசை. இடது பக்கம் ஒரு முழம். வலது பக்கம் புடிச்சிருக்கு."

"நான் சொன்னதும் வலது கை. அப்புறம் முட்டி. கடைசியா இடது."

பலகையும் பஞ்சு மெத்தையும் வந்தன. முட்டுக்கொடுத்தார்கள். மேஸ்திரி கையை எடுத்தபோது விரல்கள் மடங்கவில்லை. ஒரே ஒரு கல்லின் மூலை மட்டும் உடைந்திருந்தது. அந்த அம்மா அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தாள். அவரை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மேலாளர் நோட்டைத் திறந்தார். "கயிறு கட்டியிருந்துச்சா?"

"கட்டித்தான் இருந்துச்சு. குனிஞ்சு வந்தேன்."

"படிக்கத் தெரியாதா? தொடாதேன்னு எழுதியிருக்கே."

"தெரியும் சார். தப்புதான்."

"சுவத்தைத் தட்டுறதுக்கா ரயில் ஏறி வந்தீங்க?"

"அப்படித்தான் ஆயிடுச்சு."

மேலாளர் பேனாவை நிறுத்தினார். மச்சான் பக்கம் திரும்பினார். அவன் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக நின்றிருந்தான். "உன் ஷிஃப்டுலதான்யா நடந்திருக்கு. இவங்க உனக்குத் தெரிஞ்சவங்களா?"

மேஸ்திரி தரையைப் பார்த்தார்.

"இல்ல சார்," என்றான் மச்சான். "இப்பத்தான் பார்க்கிறேன்."

மேலாளர் எழுதிக்கொண்டார். விலாசம் வாங்கினார், கையெழுத்து வாங்கினார். இனி இந்தக் கட்டிடத்துக்குள் கால் வைக்கக்கூடாது என்றார். உடைந்த கல்லுக்குப் பணம் கேட்டு நோட்டீஸ் வந்தாலும் வரும் என்றார். "கூட்டிட்டுப் போய் வெளிய விடு."

நீளமான வராந்தா. மச்சான் முன்னால் நடந்தான். ஒவ்வொரு வாசலிலும் ஒரு காவலர் நின்று பார்த்தார். மேலாளர் பத்தடி பின்னாலேயே வந்தார். அக்கா இரண்டு தடவை வாயைத் திறந்து மூடிக்கொண்டாள். மேஸ்திரி அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடிக் கதவை மச்சான் திறந்து பிடித்தான்.

"இப்படிப் போங்க சார். படி இருக்கு, பார்த்து." பிறகு அக்காவின் முகத்தைப் பார்க்காமல், அவள் தோளுக்கு மேலே தெருவைப் பார்த்து, "மேடம்," என்றான்.

அவள் வாசற்படியில் நின்றுவிட்டாள். மேலாளர் கொஞ்ச தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு ஏதாவது கேட்டாக வேண்டும்.

"அந்த ஹாலை எப்போ திறப்பீங்க?"

"தெரியல மேடம்," என்றான் அவன்.