நான் மொழிபெயர்த்த தலைவர்கள் விவாதம்

எனக்குப் பிரெஞ்சு தெரியும் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. தெரியாது என்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். கனடாவின் டோர்வலில் விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் இடத்தில் எனக்கு இருபத்தாறு வருட வேலை. மேற்பார்வையாளர் வந்து ஏதாவது சொன்னால் "வுய், வுய்" என்பேன், அதாவது ஓம், ஓம். அவர் திருப்தியோடு போய்விடுவார். இதை இரண்டொரு முறை கண்ட எங்கள் கோயில் பங்குச் சனம், கிறகரிக்குப் பிரெஞ்சு தண்ணி பட்ட பாடு என்று முடிவு கட்டிவிட்டது. சனத்தின் முடிவை மாற்ற நான் யார் என்று நானும் இருந்துவிட்டேன்.

தேர்தல் அறிவித்திருந்த நேரம். குருத்தோலை ஞாயிறு பூசை முடிய, சுவாமி ஓர் அறிவித்தல் வாசித்தார். கட்சித் தலைவர்களின் பிரெஞ்சு விவாதம் புதன்கிழமை தொலைக்காட்சியில் வருகிறது. அதை ஒரு தமிழ்க் குடும்பம் எப்படிப் பார்க்கிறது என்று எழுத, எங்கள் பகுதியின் சின்னப் பத்திரிகையிலிருந்து ஒரு நிருபர் வர விரும்புகிறாராம்.

"பிரெஞ்சு தெரிஞ்ச வீடா இருந்தால் நல்லது," என்றார்.

முன்வரிசைத் தலைகள் எல்லாம் என் பக்கம் திரும்பின. நான் அடக்கமாகக் கையை உயர்த்தினேன்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் செலீன் கேட்டாள். "ரெண்டு மணித்தியாலம் விடாமல் கதைப்பினம். உங்களுக்கு விளங்குமோ?"

"அரசியல் எல்லா மொழியிலயும் ஒண்டுதான் செலீன்."

என் மனைவி பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் றெபேக்கா எங்களோடு இருந்திருந்தால் இதற்குப் பதில் சொல்லியிருப்பாள். நல்லகாலம், அவள் தூரத்தில், ஷெர்ப்ரூக் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள்.

புதன்கிழமை இரவு ஹொக்கி ஆட்டம் இருந்ததால் விவாதத்தை ஆறு மணிக்கே வைத்துவிட்டார்கள். ஐந்தரைக்கு நிருபர் வந்துவிட்டாள். வெரோனிக் என்று பெயர். முப்பது வயதுகூட இருக்காது. மேல் வீட்டிலிருந்து அரியரத்தினம் அண்ணையும் அவருடைய மனைவி ஜொய்சி அக்காவும் இறங்கி வந்தார்கள். அரியரத்தினம் அண்ணைக்கு அறுபத்தாறு வயது. விமான நிலையத்தில் துப்புரவு வேலை, இன்னும் விடவில்லை. செலீன் குசினியில் மீன் கட்லட் பொரித்துக்கொண்டிருந்தாள். நான் தொலைக்காட்சிக்கு நேரே இருந்த கதிரையை எடுத்துக்கொண்டேன்.

முதல் அரைமணித்தியாலம் என் மொழிபெயர்ப்பு சிறப்பாகவே போனது. ஒருவர் விரலை நீட்டினால், "நீ பொய் சொல்லுறாய் எண்டுறார்" என்றேன். மற்றவர் தலையை ஆட்டினால், "நான் அப்பிடிச் சொல்லேல்லை எண்டுறார்" என்றேன். ஜொய்சி அக்கா மூக்கில் விரல் வைத்தார். வெரோனிக் எங்கள் முகங்களைப் பார்த்துப் பார்த்து எழுதினாள். இத்தனை வருடம் பிரெஞ்சுக்கு ஏன் பயந்தேன் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

பிறகு 'ரத்ரெத்' என்று ஒரு சொல் வந்தது. ஒரு தலைவர் சொல்ல, அடுத்தவர் சொல்ல, நாலு பேரும் அதையே பிடித்துக்கொண்டு இழுபட்டார்கள். அரியரத்தினம் அண்ணை முன்னுக்கு வந்து இருந்தார். விமான நிலையத்தில் வாசல் எண்களைக் கேட்டுக் கேட்டு அவருக்குப் பிரெஞ்சு எண்கள் மட்டும் நன்றாகத் தெரியும்.

"தம்பி, அறுவத்தஞ்சு எண்டு ஏதோ சொல்லுறாங்கள். என்ன அது?"

ரத்ரெத். ஆங்கிலத்தில் ரிட்ரீட். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்கு அந்தச் சொல்லை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஆமியைப் பின்வாங்கப் போயினமாம்," என்றேன். "அறுவத்தையாயிரம் பேரை."

"எங்கையிருந்து?"

"அதை இன்னும் சொல்லேல்லை."

"கனடாட்டை மொத்தமே அவ்வளவு ஆமி இருக்குமோ?"

"அதுதானே அண்ணை சண்டை பிடிக்கினம்."

அரியரத்தினம் அண்ணை சூடாகிவிட்டார். பின்வாங்குகிறோம் என்று சொன்ன எந்த ஆமியும் உண்மையாகப் பின்வாங்கினதில்லை என்றார். ஜொய்சி அக்கா, உலகம் முழுக்கச் சண்டை நடக்கையில் இவர்கள் ஏன் திரும்பி வருகிறார்கள் என்று கவலைப்பட்டார். இருவருக்கும் நான் விளக்கம் கொடுத்தேன். இராணுவத் தந்திரம் பற்றியும் இரண்டு வார்த்தை சொன்னேன்.

எங்கள் வாக்குவாதத்தைக் கண்டு வெரோனிக்குக்குச் சந்தோசம். விளம்பர இடைவேளையில் கதிரையை என் பக்கம் இழுத்து ஏதோ கேட்டாள். எந்த விசயம் எங்களை இவ்வளவு தொட்டது என்று கேட்கிறாள் போலிருந்தது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சுச் சொற்கள் அத்தனையையும் கூட்டிச் சேர்த்து, ஆமி, ரத்ரெத், மிக நல்லது என்றேன்.

அவள் புருவத்தை உயர்த்தி இன்னொரு கேள்வி கேட்டாள். அதிலும் ஆமி இருந்தது, ரத்ரெத் இருந்தது.

"வுய்," என்றேன் உறுதியாக. "முழு ஆமியும்."

அவள் அதை எழுதிக்கொண்டாள்.

அப்போது செலீன் கட்லட் தட்டோடு வந்தாள். தட்டை மேசையில் வைத்தவள், வெரோனிக்கைப் பார்த்துப் பிரெஞ்சில் கதைக்கத் தொடங்கினாள். ஒரு வசனம், இரண்டு வசனம் இல்லை. நின்ற நிலையில், கையில் குசினித் துணியோடு, மூச்சு வாங்காமல் கதைத்தாள். வெரோனிக் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு தாளைத் திருப்பி வேகமாக எழுதினாள்.

செலீன் ஒன்பது வருடமாகக் கார்டெரியில், அதாவது பிள்ளைகள் காப்பகத்தில், சின்னப் பிள்ளைகளைப் பார்க்கிறாள். அவளுடைய பிரெஞ்சு, 'கடிக்காதே', 'மூக்கைச் சிந்து' என்ற அளவில்தான் இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். ஒன்பது வருடத்தில் அதைப் பற்றி அவளிடம் ஒருமுறையும் கேட்டதில்லை.

"என்ன சொன்னனீர்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நாலு பேரும் ஒரே நேரத்தில கத்தினால் ஒருத்தருக்கும் ஒண்டும் கேக்காது எண்டு சொன்னனான். எங்கட கார்டெரியில ஒரு துணி முயல் இருக்கு. அது ஆற்றை கையில இருக்கோ, அவர்தான் கதைக்கலாம். உவையளுக்கும் ஒரு முயல் குடுக்கலாம் எண்டனான்."

அரியரத்தினம் அண்ணை செலீனைப் பார்த்தார். "பிள்ளை, அப்ப அந்த அறுவத்தஞ்சு என்ன?"

"அது வயசு அண்ணை. பென்சனைப் பற்றிக் கதைக்கினம். ரத்ரெத் எண்டால் பென்சன்."

"ஆமி?"

"ஆமியைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை."

ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

அரியரத்தினம் அண்ணை எழும்பி மேலே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு கடித உறை இருந்தது. அதை என்னைத் தாண்டிச் செலீனிடம் நீட்டினார்.

"இதிலயும் அந்தச் சொல்லு இருக்குது போல. மாசி மாசம் தம்பியிட்டைக் காட்டினனான். ஒண்டுமில்லை, நன்றி சொல்லி எழுதியிருக்கினம் எண்டவர்."

எனக்கு அந்தக் கடிதம் நினைவுக்கு வந்தது. அடியில் 'மெர்சி' என்று இருந்தது. அந்தச் சொல் எனக்குத் தெரியும். அதுவரை நடந்தது பகிடி, இது பகிடியில்லை.

செலீன் நின்றபடியே வாசித்தாள். அண்ணையின் பென்சன் விண்ணப்பத்துக்குப் பிறப்பத்தாட்சிப் பிரதி ஒன்று கேட்டிருந்தார்கள். இந்த மாத முடிவுக்குள் அனுப்பாவிட்டால் விண்ணப்பத்தை மூடிவிடுவார்களாம்.

"இன்னும் ரெண்டு கிழமை இருக்கு," என்றாள் செலீன். "நாளைக்கே அனுப்புவம்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை," என்றேன். "எனக்கு விளங்கேல்லை. விளங்கேல்லை எண்டு சொல்ல வெக்கமாயிருந்தது."

அவர் பழையபடி கதிரையில் வந்து இருந்தார். "எனக்கும் வெக்கம்தானே தம்பி," என்றார். "இல்லாட்டி வேலையிடத்திலயே ஆரிட்டையாவது கேட்டிருப்பன்." பிறகு ஒரு கட்லட்டை எடுத்தார். விவாதத்தின் மிச்சத்தைச் செலீன் சொல்லச் சொல்ல எல்லோரும் பார்த்தோம். வீட்டு வாடகை பற்றியும் வெளிநாட்டுத் தொழிலாளர் பற்றியும் நிறையக் கதைத்தார்கள். என் மொழிபெயர்ப்பில் சண்டை கூடுதலாக இருந்தது. அவளுடையதில் விசயம் கூடுதலாக இருந்தது.

அடுத்தநாள் ஆங்கில விவாதம். அது எனக்கு உண்மையாகவே விளங்கும். ஆனால் பெரிய வியாழன் என்பதால் எல்லோரும் கோயிலில் இருந்தார்கள். மொழிபெயர்க்க ஒருவரும் கிடைக்கவில்லை.

உயிர்த்த ஞாயிறு கழிந்து பத்திரிகை வந்தது. செலீனின் படம் அரைப்பக்கத்தில். முயல்தான் தலைப்பு. கடைசிப் பந்தியில் என் பெயரும் இருந்தது. அவளுடைய கணவர் கிறகுவார் (பிரெஞ்சில் என் பெயர் அப்படியாம்), கனடிய இராணுவம் முழுவதும் ஓய்வூதியம் பெற்று வீட்டுக்குப் போகவேண்டும் என்று கருதுகிறார் என்று வெரோனிக் எழுதியிருந்தாள். செலீன் அதை இரண்டு முறை வாசித்துக் காட்டினாள். சுவாமி அந்தப் பக்கத்தைக் கோயில் அறிவித்தல் பலகையில் ஒட்டினார். அடுத்த கிழமையிலிருந்து சனத்தின் பிரெஞ்சுக் கடிதங்கள் எல்லாம் செலீனிடம் வந்தன. அரியரத்தினம் அண்ணைக்கு விண்ணப்பம் ஏற்கப்பட்டதாகப் பதிலும் வந்தது.

தேர்தலன்று இருவரும் சேர்ந்தே வாக்களிக்கப் போனோம். வெளியே வரும்போது வழக்கம்போலக் கேட்டேன். "நான் சொன்ன ஆளுக்குத்தானே போட்டனீர்?"

"இல்லை," என்றாள்.

"ஏன், இந்தமுறை மட்டும்?"

"இந்தமுறை மட்டும் எண்டு ஆர் சொன்னது? இதுக்கு முந்தின நாலு தேர்தலிலயும் நான் உங்கட ஆளுக்குப் போடேல்லை."

பஸ் தரிப்பிடம் வரை விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன். அந்த நாலு தேர்தலில் மூன்றில் என் ஆள் தோற்றிருந்தார்.